அமுக்கியது எங்கே போனது?

(அருப்புக்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தபோது அச்சகக்காரர் தலைப்பைப் பார்த்துச் சிரித்தார். "லேப்டாப்புல மேல் வரிசைக் கீ வேலை செய்யலைன்னா, இதுக்கு ஒரு சொற்பொழிவா வாத்தியாரே?" என்றார். சிரிக்கட்டும். அவர் கடையிலேயே ஒரு லேப்டாப் ஆறு மாதமாகச் சத்தமே வராமல் ஊமையாகக் கிடந்தது. அந்தக் கதையும் வருகிறது. ஆள் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போய்விட வேண்டாம்.

திருச்சுழியிலிருந்து நாலைந்து பேர் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்த் தலபுராணத்திலேயே தொடங்குகிறேன். பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது சிவபெருமான் சூலத்தை ஊன்றித் தரையில் துளை போட்டார், வெள்ளம் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிட்டது, அந்தச் சுழிதான் ஊருக்குப் பெயரானது என்பார்கள். இரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்கு இன்றைக்கு வேண்டியது அந்தச் சுழி மட்டும். ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் கூட்டும் கீயை அமுக்குகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. அமுக்கியது எங்கே போனது? எந்தச் சுழியில் இறங்கியது?

கண்மாய்ப் பாசனம் தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்; பெருகிய தண்ணீரைக் கண்மாயில் பிடித்து மடை வழியாகப் பிரித்துக் கொடுப்பதில்தான் நம் பிழைப்பு. கடைமடைக்காரர் ஒருவர் வந்து "என் வயலுக்குத் தண்ணி வரலை" என்று கத்துகிறார். நீர்பாய்ச்சி என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வயலிலிருந்து வாய்க்காலோடு மேலே நடப்பார். ஈரம் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பார். ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் சந்திக்கிற இடத்தில் நிற்பார். ஒரு கல் விழுந்திருக்கும், அல்லது மேல்வயல்காரர் இரவோடு இரவாகத் தன் பக்கம் வெட்டி விட்டிருப்பார். வேலை அந்த ஓரிடத்தில்தான். லேப்டாப் விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? "ஓஎஸ்ஸை மாத்திப் போட்டுரலாம் சார்" என்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கண்மாயையே இடித்துக் கட்டுகிற யோசனை.

இந்த வறட்டுப் பூமியில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் பக்கம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு அரசு நிறுவனமான எல்காட் கோரிய டெண்டரே 9.12 லட்சம் லேப்டாப்புக்கு. அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தது, பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-இல் கொண்டுவந்தது. ஆன் செய்ததும் வருகிற பட்டியலில் பாஸ் என்ற பெயரைப் பார்த்த பிள்ளைகளில் அதற்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். என் வகுப்பில் இரண்டு பேர்.

அந்தக் காலத்து லேப்டாப்கள் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கின்றன. பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கொடுத்தது தம்பி கைக்கு வந்து, தம்பியிடமிருந்து சித்தப்பா மகளுக்குப் போயிருக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்தப் பழைய மிஷின்களில் விண்டோஸ் 11 என்ற பேச்சே கிடையாது. ஆகவே எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்கியூடி, எக்ஸ்எஃப்சிஇ என்று எடை குறைந்த டெஸ்க்டாப்போடு ஒரு லினக்ஸைப் போடுகிறோம். செத்த மாடு எழுந்து நின்ற மாதிரி மிஷின் ஓடும். ஆனால் மேல் வரிசையில் ஒன்றிரண்டு கீ மட்டும் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். வாரத்துக்கு ஒருவராவது இதற்காக என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்.

முதலில் அந்த எஃப்என் கீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது கீபோர்டின் இடது ஓரத்தில் பத்து ஃபங்ஷன் கீ இருந்தன. சில ஆண்டுகளில் அவை பன்னிரண்டாகி மேலே ஏறிக்கொண்டன. லேப்டாப் வந்தபோது இடம் போதவில்லை. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் வைஃபைக்கும் தனித்தனி கீ வைக்க முடியாமல், ஒரே கீக்கு இரண்டு வேலை கொடுத்து, எந்த வேலை என்று தீர்மானிக்க எஃப்என் என்று ஒரு கங்காணியை மூலையில் வைத்தார்கள். இந்தக் கங்காணியிடம் ஒரு குணம் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களில் தன்னை அமுக்கியதை அது லினக்ஸிடமும் சொல்லாது, விண்டோஸிடமும் சொல்லாது. போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அதனோடு மட்டும்தான் பேச்சு. எஃப்என்னையும் எஃப்6-ஐயும் சேர்த்து அமுக்கினால் அந்தச் சிப் ஒரு புதிய எண்ணை மேலே அனுப்பலாம். ஏசிபிஐ என்கிற வேறொரு வாய்க்கால் வழியாக "வெளிச்சம் கூட்டச் சொல்கிறார்கள்" என்று குரல் கொடுக்கலாம். யாரிடமும் சொல்லாமல் தானே செய்தும் முடித்துவிடலாம். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும்.

விருதுநகரில் பருப்பு மில் கணக்கு எழுதுகிற நண்பர் ஒருவர் இதில் மாட்டினார். டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இருபது வருடமாக விரலுக்கே மனப்பாடம். முதலாளி புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். சேல்ஸ் போட எஃப்8-ஐ அமுக்கினால் ஸ்பீக்கரில் சத்தம் ஏறுகிறது. "டேலி கெட்டுப்போச்சு" என்று ஆளைக் கூட்டிவந்து டேலியை அழித்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு முறை. நான் எஃப்என்னோடு எஸ்கேப்பை ஒரு முறை அமுக்கினேன், சரியாகிவிட்டது. பல லேப்டாப்களில் மேல் வரிசையின் இரண்டு வேலைகளில் எது முதல் என்பதை அந்த ஜோடிதான் மாற்றும். சிலவற்றில் பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டும். இது விண்டோஸ் மிஷினில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். லினக்ஸ் போட்டவர்கள் எல்லாப் பழியையும் லினக்ஸ் மேல் போடுகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

தூசியையும் சொல்ல வேண்டும். கரிசல் தூசியும் நரிக்குடிப் பக்கத்துக் கரிமூட்டத் தூளும் எஸ்கேப்புக்கும் எஃப்1-க்கும் நடுவில் குடியிருக்கும். லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டி, மூஞ்சிப் பவுடர் பிரஷ்ஷால் ஒரு தடவை துடைத்துவிட்டு வாருங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி நடக்கத் தொடங்குவோம். கடைமடையிலிருந்து மேலே.

டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஈ, வி என்று மூன்று எழுத்தைத் தட்டுங்கள். எக்ஸெவ். வெள்ளையாக ஒரு குட்டி ஜன்னல் வரும். அதன் மேல் கர்சரை வைத்து ஏ எழுத்தை அமுக்கினால், டெர்மினலில் சரசரவென்று நாலைந்து வரி ஓடும். அதில் கீ எண் 38 என்றும், பக்கத்தில் சின்ன ஏ என்றும் இருக்கும். இப்போது சரியில்லாத கீயை அமுக்குங்கள். மூன்றில் ஒன்றுதான் நடக்கும்.

கீயின் எண்ணும் பெயரும் வந்துவிட்டால், உதாரணமாக 233 என்ற எண்ணும் வெளிச்சம் கூட்டு என்ற பெயரும் வந்தால், தண்ணீர் வயல் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. வாங்கிப் பாய்ச்ச ஆள் இல்லை. அவ்வளவுதான். எதுவுமே ஓடவில்லை என்றால் ஈரம் மேலேயே நின்றுவிட்டது, இன்னும் நடக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. கீயின் பெயர் வராது. ஆனால் ஃபோகஸ் அவுட், ஃபோகஸ் இன் என்று இரண்டு வரி வந்து போகும். நடுவில் வேறு யாரோ அந்தக் கீயைப் பிடித்துக்கொண்டார் என்று பொருள். மேல்வயல்காரர் வெட்டிவிட்ட கதை. இதைப் பார்க்கத் தெரியாமல் "எக்ஸெவ்லயே ஒண்ணும் வரலை, கீபோர்டு போச்சு" என்று புதுக் கீபோர்டு வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நான்தான்.

போன கோடையில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். கல்லூரியில் முதல் வருடம். கையில் அக்காவின் இலவச லேப்டாப், மேல் மூடியில் ஸ்டிக்கர் உரிந்த தழும்பு. யாரோ எல்எக்ஸ்டிஇ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நன்றாகவே ஓடியது. ஆனால் வெளிச்சம் எப்போதும் முழுசாக எரிந்தது, குறைக்க வழியில்லை. "ஹாஸ்டல்ல நைட்டு லைட் அணைச்சப்புறம் படிச்சா பக்கத்துப் பிள்ளைங்க திட்டுறாங்க சார். சார்ஜும் ஒரு மணி நேரம் நிக்க மாட்டேங்குது." பேட்டரி பாதி செத்திருந்தது, அது வேறு. ஆனால் முழு வெளிச்சமும் சார்ஜைக் குடிக்கத்தான் செய்யும்.

எக்ஸெவ் போட்டோம். 233 வந்தது, 232-ம் வந்தது. பெயரும் வந்தது. வயலோரம் வரை ஈரம். ஏன் வெளிச்சம் மாறவில்லை? இங்கேதான் எடை குறைந்த டெஸ்க்டாப்பின் சங்கதி இருக்கிறது. ஜினோம் மாதிரி பெரிய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு மடையிலும் ஒரு ஆள் சம்பளத்துக்கு நிற்பார். வெளிச்சக் கீ வந்தால் இவர், சத்தக் கீ வந்தால் அவர் என்று நமக்குத் தெரியாமலே வேலை நடக்கும். ஆள் கூட்டம் அதிகம், அதனால்தான் அது ராமைத் தின்கிறது. எல்எக்ஸ்டிஇயை 2006-இல் தைவான்காரர் ஹாங் ஜென் யீ தொடங்கியபோதே நோக்கம் சிக்கனம். வீட்டில் ஒரே ஆள், ஓபன்பாக்ஸ் என்ற ஜன்னல் மேலாளர். எந்தக் கீக்கு என்ன கட்டளை என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் செய்வார். எழுதாததைச் செய்ய மாட்டார். எக்ஸ்எஃப்சிஇயில் வெளிச்சத்துக்குப் பவர் மேனேஜர் உண்டு, சத்தத்துக்குப் பேனலில் இருக்கும் பல்ஸ்ஆடியோ பிளக்-இன் உண்டு. அந்த பிளக்-இன்னை வலது கிளிக் செய்து யாராவது நீக்கிவிட்டால் சத்தக் கீயும் அதோடு போய்விடும். எல்எக்ஸ்கியூடியில் இதற்கென்றே குளோபல் கீஸ் என்று ஒரு ஆள் தனியாக இருக்கிறார். லுபுண்டு என்கிற லினக்ஸ் 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்டிஇயை விட்டு எல்எக்ஸ்கியூடிக்கு மாறிவிட்டது. ஆகையால் பழைய லுபுண்டுக்கு எழுதிய வைத்தியத்தைப் புது லுபுண்டுக்குச் செய்து பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டெஸ்க்டாப் எது என்றுதான்.

அந்தப் பெண்ணின் மிஷினில் பவர் மேனேஜரே இல்லை. எக்ஸ்எஃப்சிஇயின் பவர் மேனேஜரைப் போட்டு ஓடவிட்டோம். கீயை அமுக்கினாள். திரை நடுவில் ஒரு சூரியன் படமும் கீழே ஒரு பட்டையும் வந்தது. பட்டை குறைந்தது. அவள் முகம் மலர்ந்தது. ஆனால் வெளிச்சம் அப்படியே இருந்தது.

சொல்லப்போனால் அந்த மத்தியானத்தில் எனக்கு உற்சாகம் வந்தது அப்போதுதான். பட்டை இறங்குகிறது என்றால் கட்டளை போகிறது. எந்த மடைக்குப் போகிறது? லினக்ஸில் சிஸ், அதற்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்று ஒரு அடைவு உண்டு. திறந்தால் இரண்டு கிளை. ஒன்று ஏசிபிஐ வீடியோ, இன்னொன்று இன்டெல் பேக்லைட். ஒவ்வொன்றிலும் உச்ச வெளிச்சம் எவ்வளவு என்று ஒரு ஃபைல். முதலாவதில் 15. இரண்டாவதில் 4882. இரண்டு மடை, ஒரே வயல். முதலாவது மடை துருப்பிடித்தது, திறந்தாலும் மூடினாலும் தண்ணீர் வராது. ஆனால் இப்படி இரண்டு வழி இருந்தால் ஏசிபிஐ போன்ற ஃபர்ம்வேர் வழிக்குத்தான் முதல் மரியாதை என்று மென்பொருள்களுக்குள் ஒரு பழைய விதி. அதனால் பவர் மேனேஜர் ஒழுங்காகத் துருப்பிடித்த மடையையே திருகிக்கொண்டிருந்தது. இரண்டாவதின் வெளிச்ச ஃபைலில் ரூட் உரிமையோடு 1000 என்று எழுதச் சொன்னேன். என்டர் தட்டியதும் திரை மளாரென்று தணிந்தது. "ஐயோ" என்றாள் அம்மா, கெட்டுப்போச்சு என்று நினைத்து. 0 எழுதிவிடாதீர்கள், சில மிஷினில் திரை மொத்தமும் இருண்டு, தடவித் தடவித் தட்டச்சு செய்து மீள வேண்டியிருக்கும். அதுவும் எனக்கு நடந்ததுதான்.

நிரந்தர வைத்தியம் லினக்ஸின் மையமான கெர்னல் தொடங்கும் வரியில் இருக்கிறது. ஏசிபிஐ பேக்லைட் சமம் நேட்டிவ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் துருப்பிடித்த மடை பட்டியலிலிருந்தே போய்விடும். இதை எடுத்த எடுப்பில் ஃபைலில் எழுதிவிடாதீர்கள். மிஷினை ஆன் செய்ததும் கிரப் பட்டியல் வரும்போது ஈ எழுத்தை அமுக்கி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். சரியாக இருந்தால் பிறகு கிரப் ஃபைலில் எழுதி, அப்டேட் கிரப் கொடுத்தால் போதும்.

ஏன் இப்படி இரண்டு வழி வந்தது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏசிபிஐ என்கிற விதிமுறையை 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. அதன்படி லேப்டாப்பின் பயாஸ், வந்திருக்கிற ஓஎஸ்ஸைப் பார்த்து "நீ யார்? விண்டோஸில் இந்தப் பதிப்பா?" என்று கேட்கலாம். லினக்ஸ் கூசாமல் "ஆமாம்" என்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்கிறது! வேறு வழியில்லை. கம்பெனிகள் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு விற்றதால், லினக்ஸ் என்று உண்மையைச் சொன்னால் பயாஸ் எவரும் நடந்து பார்க்காத பாதையில் இழுத்துக்கொண்டு போகும். 2012-இல் வந்த விண்டோஸ் 8, வெளிச்சத்தை கிராஃபிக்ஸ் டிரைவர் வழியாகத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. அதிலிருந்து பல பயாஸ்களில் பழைய ஏசிபிஐ மடை பெயருக்கு மட்டும் நிற்கிறது.

கிளம்பும்போது அந்த அம்மா "எம்புட்டு தம்பி ஆச்சு?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிள்ளையே செய்தது, நான் சொன்னதோடு சரி என்றேன். மறுவாரம் ஒரு சிப்பம் கொத்தமல்லி வந்து சேர்ந்தது.

அடுத்து, எக்ஸெவ்வில் ஒன்றுமே வராத நிலை. ஒரு படி மேலே ஏறினால் ஈவிடெஸ்ட் என்ற கருவி. இதை ரூட் உரிமையோடு ஓட்ட வேண்டும். ஓட்டியதும் கீபோர்டுகளின் பட்டியல் வரும். "என்னிடம் இருப்பது ஒரே கீபோர்டுதானே" என்பீர்கள். பட்டியலில் சாதாரணக் கீபோர்டு இருக்கும், வீடியோ பஸ் என்று ஒன்று இருக்கும், பவர் பட்டன் தனியாக, மூடிக்கு ஒன்று, கம்பெனியின் பெயரோடு ஹாட்கீஸ் என்று இன்னொன்று. மேல் வரிசையில் சில கீக்கள் சாதாரணக் கீபோர்டு வழியாக வரும், சில வீடியோ பஸ் வழியாக, சில கம்பெனி வாய்க்கால் வழியாக. ஒவ்வொன்றையும் தேர்ந்து அமுக்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, பொறுமை வேண்டும்.

ஈவிடெஸ்டில் வந்து எக்ஸெவ்வில் வரவில்லை என்றால், நடுவில் எண் தொலைந்திருக்கிறது. கெர்னல் ஏ எழுத்துக்கு 30 என்று எண் வைத்திருக்கிறது. எக்ஸெவ் 38 என்றது, நினைவிருக்கிறதா? திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் நெறிமுறையில் கீ எண் 8-இல்தான் தொடங்குகிறது, அதனால் எல்லாவற்றோடும் எட்டைக் கூட்டுகிறார்கள். முடிவது 255-இல். அதாவது கெர்னலில் 247-ஐத் தாண்டிய எண்ணுள்ள கீ எதுவும் எக்ஸ் மடையில் நுழையவே முடியாது. டச்பேடை அணைக்கும் கீக்குக் கெர்னல் கொடுத்த எண் 530. எப்படி வரும்? எக்ஸின் 11-ஆம் பதிப்பு வெளியான நாள் 1987 செப்டம்பர் 15. நம் லேப்டாப் திட்டம் பிறந்த அதே தேதி, 24 வருடம் முன்னால். அன்றைக்கு டச்பேடை அணைக்க ஒரு கீ வரும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். 255 வரைக்கும் எண் போதும் போதும் என்று தோன்றியிருக்கும். இந்தச் சிக்கலுக்கு ஊரார் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கீபோர்டில் இல்லாத எஃப்20, எஃப்21 போன்ற பெயர்களைக் கடன் வாங்கி, மைக் மியூட்டுக்கும் டச்பேடுக்கும் மாட்டிவிட்டார்கள். ஆளில்லாத வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டு, அங்கிருந்து வாங்கிக்கொள்வது போல. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்டில் இந்த எல்லைச் சிக்கல் இல்லை, ஆனால் நம் பழைய மிஷின்களில் இன்னும் பெரும்பாலும் எக்ஸ்தான்.

ஈவிடெஸ்டிலும் வரவில்லையா? மடை வாசலுக்கே போவோம். டி, எம், ஈ, எஸ், ஜி என்று ஐந்து எழுத்து. கெர்னல் தன் நாட்குறிப்பைக் காட்டும். கீயை அமுக்கிவிட்டுக் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே சில நேரம் கெர்னல் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கும். தெரியாத கீ ஒன்று அமுக்கப்பட்டது, அதன் குறியீடு இது, இதை எனக்குத் தெரியவைக்க இந்தக் கட்டளையைக் கொடு என்று வைத்தியத்தையும் சேர்த்தே எழுதியிருக்கும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். "எனக்குத் தெரியலை, இப்படிச் சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கிறேன்" என்று கேட்ட மாணவனை நான் அதிகம் பார்த்ததில்லை.

அது சொல்கிற கட்டளை அடுத்த ரீபூட் வரைக்கும்தான் நிற்கும். நிரந்தரமாக்க எச்டபிள்யூடிபி என்கிற ஹார்டுவேர் அட்டவணையில் எழுத வேண்டும். தறிக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். ஜக்கார்டு அட்டையில் எந்த ஓட்டை எந்த இழையைத் தூக்கும் என்று குத்தி வைக்கிறீர்கள் அல்லவா, அதே வேலை. இன்ன கம்பெனி மிஷினில் இன்ன குறியீடு வந்தால் அது வெளிச்சம் கூட்டு என்று எழுதுகிறோம். முதல் வரி மிஷினின் அடையாளம். இரண்டாவது வரி குறியீடும் பெயரும். அந்த இரண்டாவது வரி ஒரே ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும். ஒரே ஒரு ஸ்பேஸ். அதை விட்டுவிட்டால் அட்டவணை அந்த வரியைக் கண்டுகொள்ளாது, கீ பழையபடி ஊமை. அட்டையில் ஒரு ஓட்டை தப்பினால் புடவை முழுக்க அன்னத்துக்குக் கழுத்து இல்லாமல் போவது உங்களுக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அட்டவணையைப் புதுப்பித்து, கருவிகளைக் கவனிக்கும் யூடெவ்வைத் தட்டி எழுப்ப வேண்டும். மாற்றம் உடனே தெரியும், ரீபூட் கூட வேண்டாம்.

எங்கேயுமே ஈரம் இல்லை, கெர்னல் குறிப்பிலும் ஒன்றும் இல்லை என்றால் கம்பெனிக்கான கெர்னல் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்க்பேடுக்கு ஒன்று, ஐடியாபேடுக்கு ஒன்று, ஏஸருக்கு, ஏசஸுக்கு, எச்பிக்கு, டெல்லுக்கு என்று தனித்தனியே இருக்கின்றன. அதுவும் இருந்து, கீ அப்போதும் பேசவில்லை என்றால் கீபோர்டின் ரிப்பனைப் பார்க்கலாம். அது ஸ்க்ரூடிரைவர் வேலை, இன்றைக்கு வேண்டாம்.

இப்போது அச்சகக்காரர் கதை. பழைய லுபுண்டு, எல்எக்ஸ்டிஇ. மியூட் கீயை ஒரு முறை அமுக்கினார், சத்தம் நின்றது. மறுபடி அமுக்கினார், மியூட் அடையாளம் போய்விட்டது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஆறு மாதம் பக்கத்தில் ஒரு மொபைலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். நடந்தது என்னவென்றால், அவருடைய ஓபன்பாக்ஸ் ஃபைலில் மியூட் கீக்கு ஏமிக்சர் கட்டளை எழுதியிருந்தது. ஏமிக்சர் நேராக சவுண்ட் கார்டோடு பேசும், பல்ஸ்ஆடியோ என்ற சத்த மேலாளர் நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்ளாது. மூடும்போது மாஸ்டரோடு சேர்ந்து ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் பூட்டிக்கொண்டன. திறக்கும்போது மாஸ்டர் மட்டும் திறந்தது. வாசல் கதவைத் திறந்துவிட்டு உள்கதவைத் திறக்காமல் விருந்தாளியைக் கூப்பிட்டது மாதிரி. கட்டளையில் பல்ஸ் வழியாகப் பேசு என்று ஒரு சொல்லைச் சேர்த்தோம், தீர்ந்தது. அதற்கு முன் ஆல்சாமிக்சரைத் திறந்து, எந்தச் சேனலுக்குக் கீழே எம்எம் என்று இருக்கிறதோ அங்கே எம் எழுத்தை அமுக்கிப் பூட்டைத் திறந்தோம். அதில் சவுண்ட் கார்டை மாற்ற எஃப்6 அமுக்க வேண்டும் என்று இருக்கிறது. மேல் வரிசை வேலை செய்யவில்லை என்று வந்தவனிடம் எஃப்6 கேட்கிற மென்பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வைஃபை கீ ஒன்று பாக்கி. ஆர்எஃப்கில் என்ற கட்டளை கொடுத்தால் இரண்டு வகைத் தடை காட்டும். சாஃப்ட் என்றால் மென்பொருள் பூட்டு, அங்கேயே திறக்கலாம். ஹார்டு என்றால் உங்கள் கட்டளை செல்லாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று வாரம் வைஃபை இல்லாமல் இருந்தார், மகன் பெங்களூரிலிருந்து போனிலேயே என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். லேப்டாப்பின் முன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. பேரன் தள்ளியிருக்கிறான்.

விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இந்த மாதிரி வேலைகளை உட்கார்ந்து செய்கிறார்கள். கணியம் இதழ் 2012-இலிருந்து இதையெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறது. நான் கற்றதில் பாதி அப்படி வந்தது, மீதி அடிபட்டுக் கற்றது.

பேச்சு போதும். மேசை மேல் நாலு லேப்டாப் வந்திருக்கின்றன. எதையும் நான் தொடப்போவதில்லை, கொண்டுவந்தவர்களே செய்யட்டும். அந்த ஸ்டிக்கர் கிழிந்த மிஷின் யாருடையது? வா தம்பி. டெஸ்க்டாப் எது? எக்ஸ்எஃப்சிஇயா, சரி. டெர்மினலைத் திற. எக்ஸ், ஈ, வி. ஜன்னல் வந்ததா? கர்சர் அதுக்குள்ள இருக்கட்டும். இப்போ அந்தக் கீயை அமுக்கு. என்ன வருது? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி.